மொட்டைமாடியில் ஏழு குட்டிகள்

விருந்துக்கு வந்த எல்லோரையும் வாசல்வரை போய் வழியனுப்பினேன். ஆளுக்கொரு தாம்பூலப் பையை என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன். "போயிட்டு வாங்க, அடிக்கடி வாங்க" என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. அந்தப் பைகளுக்குள் தேங்காயோடும் வெற்றிலையோடும் என் ஸ்ட்ராபெரிக் குட்டிகள் போய்க்கொண்டிருந்தன.

இதைக் கேட்டவர்கள் அத்தனை பேரும் ஒன்றைத்தான் சொன்னார்கள். "ஒரு செடிதானே மைதிலி, விடு." யாராவது இன்னொரு முறை அப்படிச் சொல்லட்டும், அப்புறம் இருக்கிறது.

சங்ககிரியில் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் குணசீலனுக்கு இரண்டு லாரி ஓடுகிறது. ஊருக்கு வெளியே எட்டு ஏக்கர் பூமியும் இருக்கிறது. என் அப்பாவுக்கு நாலு ஏக்கர் இருந்தது. தம்பி கல்யாணத்தின்போது அதில் எனக்குப் பங்கு வேண்டாமென்று கையெழுத்துக் கேட்டார்கள், போட்டுக் கொடுத்தேன். ஒரு பட்டுச்சேலை எடுத்துக் கொடுத்து அனுப்பினார்கள். இங்கே எட்டு ஏக்கரில் மஞ்சள் வைப்பதா மரவள்ளி வைப்பதா என்று இருபத்திரண்டு வருடத்தில் ஒருநாளும் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஒருமுறை வரப்போரமாக நாலு மல்லிகைச் செடி வைத்தேன். டிராக்டர் திரும்ப இடம் பத்தவில்லை என்று மறுவாரமே உழுது போட்டுவிட்டார்கள். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில்தான் மண்ணைக் கூடை கூடையாக மாடிக்குச் சுமந்தேன். பெயின்ட் வாளிக்குள்ளும் மீன் வருகிற தெர்மாகோல் பெட்டிக்குள்ளும் இருக்கிற மண்ணில் எவன் டிராக்டர் விடுவான், பார்த்துவிடலாம்.

மூன்று வருடத்துக்கு முன்பு ஏற்காட்டு ரோட்டோரத்தில் ஐந்து ஸ்ட்ராபெரி நாற்று வாங்கிவந்தேன். வீட்டில் ஒரே சிரிப்பு. "சங்ககிரி வெயில்ல ஸ்ட்ராபெரியா? அடுத்து ஆப்பிள் தோப்புப் போடுவியாட்ட இருக்குது" என்றார் என் வீட்டுக்காரர். முதல் சித்திரையிலேயே நாலு கருகிப்போயின. ஒன்று மட்டும் தப்பியது. அந்த ஒன்றுக்கு நான் பட்ட பாடு கொஞ்சமா? மேலே பச்சை வலை கட்டினேன். தளத்துச் சூடு ஏறாமல் வாளிக்கு அடியில் செங்கல் வைத்தேன். வாளியைச் சுற்றி ஈரச் சாக்கைக் கட்டி, உச்சி வெயிலில் இரண்டு முறை மாடியேறி அதை நனைத்தேன். ஊருக்குக் கல்யாணத்துக்குப் போனாலும் சாயங்காலம் திரும்பிவிடுவேன். பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள்கூட அப்படி ஓடிவரமாட்டாள் என்று என் மாமியார் பேசினார். பேசட்டும். அந்த மார்கழியில் முதல் பழம் பழுத்தது. பெருவிரல் நுனி அளவுதான். இனிப்பும் புளிப்புமாக இருந்தது. வாயில் போட்டுக்கொண்டு தனியாக நின்று அழுதேன்.

அதே செடி மூன்று கோடை தாண்டியது. ஆனால் ஸ்ட்ராபெரிக்கு ஆயுசு அவ்வளவுதான். அடி கட்டையாகி, இலை சிறுத்துக்கொண்டே வந்தது. அது போவதற்குள் அதிலிருந்து ஓடுகிற கொடியில் குட்டி பிறந்து வேர்பிடித்துவிட வேண்டும். முந்தின இரண்டு வருடமும் கொடி விட்டது. அவசரப்பட்டு அறுத்து வைத்து நானே எல்லாவற்றையும் கெடுத்தேன். அது என் புத்தி. இது கடைசி வாய்ப்பு. ஏற்காட்டுக்குப் போனால் ஆயிரம் நாற்று கிடைக்கும். சங்ககிரி வெயிலை மூன்று தடவை பார்த்துப் பிழைத்த நாற்று எந்த நர்சரியில் கிடைக்கும்?

வைகாசி மழைக்கு ஏழு கொடி ஓடியது. ஏழு நுனியிலும் ஏழு குட்டி. தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்த ஏழு சின்னத் தொட்டிகளைச் சுற்றிலும் வைத்து, ஒவ்வொரு குட்டியையும் ஒன்றில் உட்காரவைத்து, அசையாமலிருக்கக் கொடியின்மேல் கொண்டை ஊசியைக் குத்தினேன். வேர்பிடிக்க ஒரு மாதம் ஆகும். அதுவரை கொடி வழியாகத் தாய்தான் தண்ணீர் கொடுக்கும். அறுத்தால் போச்சு. விருந்து நடந்தது பதினோராவது நாள்.

விருந்து எதற்கென்றால், என் வீட்டுக்காரரின் அக்கா சௌந்திரத்தின் மகன் நந்தகுமாருக்கு வைகாசியில் கல்யாணம் ஆகியிருந்தது. ஆடி பிறப்பதற்குள் தாய்மாமன் வீட்டில் புது ஜோடிக்கு விருந்து வைத்தாக வேண்டும். இருபது பேர் வந்தார்கள். கீழே இடம் பத்தாது என்று மாடித் தகரக் கொட்டகையில் பந்தி போட்டோம்.

எல்லோரும் செடியைச் சுற்றி நின்று பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் போனில் பழைய பழப் படத்தைக் காட்டிக்கொண்டு, "நாங்க வளத்தறதுதானுங்க" என்றார். நாங்களாம்! மூன்று வருடத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றியிருப்பாரா அந்த மனுசன்? ஒறம்பரை வந்திருக்கிறது, சொந்தக்காரர்கள் முன்னால் எதற்கு என்று வாயை மூடிக்கொண்டேன்.

சௌந்திரத்தை நான் நங்கை என்று கூப்பிடுவேன். "அம்முணி, எனக்கொண்ணு குடேன்" என்று அவர்தான் கேட்டார்.

"ஒரு மாசம் பொறுங்க நங்கை. வேர் புடிச்சொடனே தொட்டியோட நானே உங்க ஊட்டுக்குக் கொண்டாந்து தாரேன். இப்பப் புடுங்குனா செத்துப்போயிருமுங்க" என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன்.

"கேட்டு வாங்குன செடி ஆருக்கு வெளங்கியிருக்குது?" என்று நங்கை சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன், கூறுகெட்டவள்.

எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அப்படியொரு நம்பிக்கை. கேட்டு வாங்கின செடி வராதாம். வீட்டுக்காரிக்குத் தெரியாமல் கிள்ளிக்கொண்டு போய் வைத்தால்தான் தழைக்குமாம். கிள்ளியதை வாய்விட்டுச் சொல்லிவிட்டாலும் பட்டுப்போகுமாம். மணிபிளான்ட்டும் கற்பூரவல்லியும் இப்படித்தான் தெருத் தெருவாகப் பரவியிருக்கின்றன. பொய் சொல்வானேன், என் வீட்டு மணிபிளான்ட்கூட நான் ராமாயிச் சித்தி வீட்டில் கிள்ளியதுதான். ஆனால் அதை ஒடித்துப் பாட்டிலில் போட்டாலும் பிழைத்துக்கொள்ளும். ஸ்ட்ராபெரிக்கு அந்தத் தெம்பு இல்லை.

நாலு மணிக்குப் பாயைச் சுருட்ட மாடிக்குப் போனேன். மூன்றாவது படியில் ஒரு குட்டி செருப்புக் காலில் மிதிபட்டுக் கூழாகிக் கிடந்தது. மேலே ஓடினேன். ஏழு தொட்டியும் காலி. கொண்டை ஊசிகள் தரையில் சிதறிக் கிடந்தன. கத்தரித்திருந்தாலாவது பரவாயில்லை. இழுத்துப் பிய்த்திருக்கிறார்கள். தாய்ச்செடி பாதி வேரோடு பெயர்ந்து வாளி விளிம்பில் சாய்ந்து கிடந்தது.

"ஏனுங்க! ஆருங்க என்ற செடியில கைவெச்சது?" என்று கத்திக்கொண்டே இறங்கினேன்.

அவர் கட்டிலில் சாய்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பக்கூட இல்லை. "ஒறம்பரை வந்தா ஒண்ணு ரெண்டு கிள்ளத்தான் செய்வாங்க. ஒரு செடிதானே. அடுத்த வாட்டி ஏற்காடு போறப்ப பத்து வாங்கித் தாரேன் போ."

எங்கள் சொந்தபந்தத்துக்கென்று வாட்ஸப்பில் ஒரு குரூப் உண்டு. ஐம்பது பேர். காலையில் பூப்படம் போடுவதும் யார் வீட்டு நோம்பி விசேஷத்துக்கு யார் வரவில்லை என்று குத்திக்காட்டுவதும்தான் அதில் நடக்கும். போனை எடுத்து அதில் வாய்ஸ் மெசேஜ் போட்டேன். "மாடியிலிருந்து செடியத் திருடிட்டுப் போனவங்க ஆரா இருந்தாலும் உடனே ஈரத்துணியில சுத்தி வையுங்க. நானே வந்து வாங்கிக்கறேன். விருந்துச் சோறு தின்னுபோட்டு அந்த ஊட்டுலயே திருடறதுக்கு எப்படிங்க மனசு வருது?"

கடைசி வாக்கியத்தைச் சொல்லியிருக்க வேண்டாம் என்கிறீர்களா? வாயில் வந்தது, சொன்னேன்.

ஒருத்தராவது ஒத்துக்கொள்ள வேண்டுமே! ஒத்துக்கொண்டால் செடி பட்டுப்போய்விடுமல்லவா! "நாங்க பாக்கவே இல்ல", "எங்க பையில தேங்காதான் இருந்துச்சு" என்று வரிசையாக வந்தது. பிறகு நங்கையின் குரல் வந்தது, மூன்று நிமிடத்துக்கு. "எம் மருமக மொத மொத அந்த ஊட்டுப் படியேறுனவ. அவளைக் கூப்பிட்டு உக்காரவெச்சுச் சோத்தைப் போட்டு, திருடிப் பட்டமும் கட்டி அனுப்பிச்சுப்போட்டா மவராசி. நாளைக்குப் பொழுது எறங்கறதுக்குள்ள இதே குரூப்புல அத்தனை பேர்கிட்டயும் மைதிலி மன்னிப்புக் கேக்கோணும். இல்லீன்னா எந்தம்பி ஊட்டு வாசலை நான் மிதிக்கமாட்டேன்."

அதற்குப் பின்னால் இருபது பேர் கைகூப்புகிற பொம்மையைப் போட்டிருந்தார்கள்.

"கேட்டியா?" என்றார் என் வீட்டுக்காரர். "மன்னிப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடு. சோலி முடிஞ்சுது."

"என்ற செடி வரட்டும். அப்பறம் பாக்கலாம்" என்றேன்.

மறுநாள் காலையில் முதலில் ராமாயிச் சித்தி வீட்டுக்குப் போனேன். என் மாமியாரின் தங்கை. இதே தெருதான். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் உடைந்த குடத்தில் என் குட்டி கழுத்துவரை புதைந்து நின்றது. மேலே டீத்தூள் வேறு கொட்டியிருந்தது. குட்டியின் நடுக்குருத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். புதைத்தால் அழுகிவிடும். தொட்டேன், கையோடு வந்தது.

"சத்தியமா அது எங்கூட்டுச் செடி சாமி" என்றார் சித்தி.

"செத்துப்போச்சுங்க சித்தி. இனி ஒளிச்சு என்ன பண்றது? மத்தது ஆருகிட்ட இருக்குதுன்னாவது சொல்லுங்க."

செத்த செடிக்கு ராசி எதற்கு என்று தோன்றியிருக்கும். மடமடவென்று கொட்டிவிட்டார். "சௌந்திரம் மூணு எடுத்தா. அந்தச் சம்பந்தியம்மா ஒண்ணு. புதுப்பொண்ணு ஒண்ணு. நான் ஒண்ணே ஒண்ணுதான் கண்ணு."

சம்பந்தியம்மாள், அதாவது புதுப்பெண்ணின் அம்மா, நாமகிரிப்பேட்டைக்காரர். அங்கே போன் செய்தேன். நல்ல மனுசி, வீடியோவிலேயே காட்டினார். பூஜை மாடத்தில் எவர்சில்வர் டம்ளர் நிறையத் தண்ணீர். அதற்குள் முழுகிக் கிடந்தது குட்டி. தண்ணீர் பழுப்பாகியிருந்தது. "ராத்திரி பூரா தண்ணியிலதானுங்க வெச்சிருக்கேன்" என்று பெருமையாகச் சொன்னார். போனை வைத்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

நங்கை வீடு திருச்செங்கோட்டுப் பக்கம் தோட்டத்துக்குள் இருக்கிறது. நான் போனபோது அவர் வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். வா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. போர் தண்ணீர் விழுகிற தொட்டிக்குப் பக்கத்தில் சுள்ளென்ற வெயிலில், பச்சைச் சாணியைக் குவித்து, அதன் நடுவில் மூன்றையும் நட்டு வைத்திருந்தார். சாணிச் சூட்டில் இரண்டு கறுத்துப்போயிருந்தன. ஒன்றின் குருத்தில் மட்டும் பச்சை இருந்தது. மண்டி போட்டு விரலாலேயே தோண்டினேன்.

"எடு கையை! ஆரக் கேட்டு எடுக்கறே?" நங்கை எழுந்து வந்தார்.

"நீங்க ஆரக் கேட்டு எடுத்தீங்க?"

"நான் எதுக்குக் கேக்கோணும்? அது எந்தம்பி ஊடு. எந்தம்பி கட்டுன மாடி. எந்தம்பி போட்ட போர்த் தண்ணி. அதுல உன்னுது என்னடி இருக்குது? வாளியா?"

இருபத்திரண்டு வருடத்துப் பதில் மொத்தமும் ஒரேயடியாக வாய்க்கு வந்தது. நாலு ஏக்கருக்கு வாங்கிய பட்டுச்சேலை, உழுதுபோட்ட மல்லிகை, எதை முதலில் சொல்வது?

"செடியோட உசுரு என்னுதுங்க" என்றேன். "மூணு கோடைக்கும் நான் மட்டும் தண்ணி சொமந்து காப்பாத்துன உசுரு. உங்க தம்பி ஊட்டுல அது ஒண்ணுதான் என்னுது. அதையும் இந்தா, சாணியில வெச்சுப் பொசுக்கிப்போட்டீங்க."

"பாத்துப் பேசு. நாங்க ஒண்ணும் திருட்டுக் குடும்பம் இல்ல. பொழுதோட மன்னிப்பு வரோணும், சொல்லிட்டேன்."

கை முழுக்கச் சாணியோடு, அந்த ஒரு குட்டியை முந்தானையில் முடிந்துகொண்டு வண்டிக்கு வந்தேன். சாவியைப் போட்டேன். "அத்தை" என்று பின்னால் குரல் கேட்டது. புதுப்பெண் தனப்பிரியா, கையில் ஒரு டிபன் டப்பாவோடு நின்றாள்.

டப்பாவைத் திறந்து காட்டினாள். ஈரக் கைக்குட்டைக்குள் ஒரு குட்டி, இலை மடங்காமல், அடியில் வேர் முளைகள் வெள்ளையாக அப்படியே இருந்தன. "நீங்க வாய்ஸ்ல சொன்னாப்பிடியே சுத்தி வெச்சேனுங்க."

"அப்ப நேத்தே ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன சாமி?"

அவள் வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "உங்க ஊட்டு மாமாதான் சொல்லவேண்டாம்னுட்டாருங்க அத்தை. நீங்க பாயசம் எடுக்கக் கீழ போனீங்கல்ல, அப்ப எல்லாத்தையும் கூப்புட்டு, 'கேட்டா அவ குடுக்கமாட்டா, ஆளுக்கொண்ணு கிள்ளிக்குங்க, நாஞ் சொல்லிக்கறேன்'னு மாமாதானுங்க சொன்னாரு. மொதல்ல அவரே ஒண்ணைப் புடிச்சு இழுத்து எங்கையில குடுத்தாருங்க. இது அதுதானுங்க. நாங்க உங்களுக்குத் தெரியும்னே நெனச்சோம். நீங்க வாய்ஸ் போட்டதும் இங்க போன் பண்ணி, நான் சொன்னேன்னு ஆரும் மூச்சு விட்றாதீங்கன்னாரு. எங்க அத்தை பேசிக்கிறேன்னு சொல்லிட்டாங்க."

எனக்குக் கோபம்கூட உடனே வரவில்லை. டப்பாவை வாங்கி வண்டியின் சீட்டுக்கு அடியில் வைத்தேன். "நீ உள்ள போ கண்ணு, வெயிலா இருக்குது" என்றேன். வண்டியைக் கிளப்பி மெயின் ரோட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது. வாய்விட்டுக் கத்திக்கொண்டே வண்டி ஓட்டினேன். பக்கத்தில் போன லாரிக்காரன் எட்டிப் பார்த்தான். எல்லோர் முன்னாலும் வள்ளலாக நிற்க அந்த மனுசனுக்கு வேறு பொருளே கிடைக்கவில்லையா? பிய்த்துக் கொடுத்துவிட்டு, நான் ஊர் முழுக்க ஏச்சு வாங்குவதைக் கட்டிலில் படுத்துக்கொண்டே கேட்டிருக்கிறார். மன்னிப்பும் கேட்கச் சொல்லியிருக்கிறார்!

வீட்டுக்கு வந்ததும் நேராக மாடிக்குத்தான் போனேன். தாய்ச்செடியை நிமிர்த்தி மண்ணை அழுத்தினேன். அதன் இலைகள் தொங்கிவிட்டன. அது இனித் தேறாது. இரண்டு குட்டிகளையும் ஈரமான நார்க்கழிவில் குருத்து மூடாமல் உட்காரவைத்து, தண்ணீர் பாட்டிலைப் பாதியாக அறுத்து மேலே கவிழ்த்தேன். உள்ளே ஈரம் நின்றால் பத்து நாளில் வேர்விடலாம். விடாமலும் போகலாம். ஏழில் இரண்டு, அதுவும் பாதி உசுரோடு.

கீழே இறங்கினேன். என் வீட்டுக்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார். "அக்கா போன் பண்ணுச்சு. அங்க போயி ரகளை பண்ணுனியாமா? கொஞ்சமாச்சும் வெக்கம் வேண்டாமா? மரியாதையா இப்பவே மன்னிப்புக் கேட்டு வாய்ஸ் போடு. எங்கண்ணு முன்னால போடு."

"சரிங்க" என்றேன்.

அவருக்கே ஆச்சரியமாகப் போயிற்று. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் அவருக்கு நேராக நின்று போனை எடுத்து, குரூப்பைத் திறந்து, மைக்கை அழுத்திப் பிடித்தேன்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. மைதிலி பேசறேன். நேத்து உங்களையெல்லாம் திருடிட்டுப் போனீங்கன்னு சொன்னேன். அது தப்புங்க. மன்னிச்சுக்குங்க. நங்கை, நீங்களும் மன்னிச்சுக்குங்க. நீங்க ஆரும் திருடல. குடுத்ததை வாங்கிட்டுப் போனீங்க. என்ற செடிய, நான் கீழ போன நேரம் பாத்து, எனக்குத் தெரியாமப் பிச்சு உங்க கையில குடுத்தது எங்க ஊட்டுக்காரருங்க. திருடுனது அவருங்க. ஆளு தெரியாமப் பேசிட்டேன்."

விரலை எடுத்தேன். போய்விட்டது.

அவர் கட்டிலைவிட்டு எழுந்து போனைப் பிடுங்க வந்தார். நான் அதை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். அவருடைய போன் கட்டிலில் கிடந்து டிங் டிங்கென்று அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்துப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று.

"ஏன்டி, கட்டுன புருசனைத் திருடன்னு ஐம்பது பேருக்குச் சொல்லிப்போட்டியா?"

"ஆமாங்க" என்றேன்.